பன்னிப் பொட்டி

டவர் பாறைக்குக் கலைச்செல்வி அன்றைக்கு மூன்றாம் முறையாக ஏறும்போது மணி பத்துகூட ஆகவில்லை. பாறைமேல் டவர் ஒன்றும் கிடையாது. மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டின் அந்த மூலைக்கு டவர் போட யாருக்கும் மனசு வரவில்லை. பாறை உச்சியில் கிழக்கே பார்த்து நின்றால் போனில் இரண்டு கோடு வரும், அதற்கே ஊர்க்காரர்கள் அப்படியொரு பெயர் வைத்துவிட்டார்கள். வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகளிடம் பேச, ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா என்று கேட்க, பெண்ணின் ஜாதகத்தைப் படம் பிடித்து அனுப்ப, எல்லாவற்றுக்கும் அந்தப் பாறைதான். வீட்டிலிருந்து ஏறப் பத்து நிமிஷம், இறங்க ஏழு நிமிஷம். தை மாதத்துப் பனியில் ஏறுவதைவிட இறங்குவது சிரமம்.

லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் இத்தனை நடை மிச்சம். ஆனால் அது அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. பேட்டரி செத்து நாலு வருஷம் ஆகிறது. சுவரில் ஒயரைச் சொருகினால்தான் அதற்கு உயிர். ஆக, லேப்டாப்பும் பழுதாகிக் கிடந்த போர்டும் வீட்டில் இருந்தன, யோசனை சொல்கிற சங்கீதா ஓசூரில் இருந்தாள், நடுவில் கலைச்செல்வியின் கால்கள் அலைந்தன.

"சொல்லுடி, லைட்டாவது எரியுதா?" என்றாள் சங்கீதா. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருவரும் நாலு வருஷம் ஒரே பெல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்து போர்டுகளில் சாமான் பொருத்தியவர்கள். கலைச்செல்வி அங்கேயே கேன்டீனில் வேலை பார்த்த சென்றாயனைக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். சங்கீதா பழுது பார்க்கிற செக்ஷனுக்கு உயர்ந்துவிட்டாள்.

"சிகப்பு லைட்டு எரியுது. நீ சொன்ன மாதிரி கேபிளை மாத்திட்டேன். மொதல்ல போட்டது வெறும் சார்ஜ் கேபிளு. இப்ப லேப்டாப்புல போர்டு தெரியுது. ஆனா புரோகிராமைத் திரும்ப ஏத்தினா ஏறவே மாட்டேங்குது."

"என்னன்னு சொல்லுது?"

"ஆரஞ்சு எழுத்துல பத்து வரி. ஒண்ணாவது முயற்சி, ரெண்டாவது முயற்சின்னு எண்ணிக்கிட்டே போயி, பத்தாவதோட நின்னுக்குது. நாட் இன் சிங்க்காம்."

"லேப்டாப்பு கூப்புடுது, போர்டு காதுல வாங்கல. அதான் அர்த்தம்."

"எங்கூட்டுக்காரரு மாதிரின்னு சொல்லு."

சங்கீதா சிரித்தாள். கலைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்காதடி. பொழுது சாயறதுக்குள்ள ஏத்தியாகணும். இல்லீன்னா கம்பி இழுத்துருவாரு."

கம்பி என்றால் அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி முற்றிய காட்டைச் சுற்றிக் கவைக்குச்சி நட்டு, முழங்கால் உயரத்துக்கு வெறுங்கம்பி ஓடவிட்டு, இருட்டுகிற நேரத்தில் அதைக் கரண்ட் லைனோடு சேர்த்துவிடுவார்கள். காட்டுப்பன்னி மூக்கை நீட்டினால் அங்கேயே சுருண்டுவிடும். விடிவதற்கு முன்னால் போய் எடுத்துவிட வேண்டும். போன வருஷம் தையில் அதே ஊர்ச் செல்வம் அப்படித்தான் கம்பி போட்டிருந்தான். விடியக்கருக்கலில் எடுக்கப் போக அரைமணி நேரம் பிந்திவிட்டது. அந்த அரைமணி நேரத்தில் விறகு பொறுக்கப் போன அவன் பெண்டாட்டி ராக்கம்மாள் அதில் மாட்டிக்கொண்டாள்.

அறுந்து கிடந்த லைன் கம்பியை மிதித்துவிட்டாள் என்று போலீசுக்கு ஊரே எழுதிக் கொடுத்தது. செத்தவளைத் திருப்பிக்கொண்டு வர முடியாது, இருக்கிறவனை எதற்கு ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் காகிதத்தில் நாலாவது கையெழுத்து கலைச்செல்வியுடையது. தமிழில் அழகாகப் போட்டாள். பதினாறாம் நாள் முடிந்ததும் எட்டுக்கை அம்மன் சந்நிதியில் பத்து வீட்டு ஆண்கள் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிமேல் கம்பி போடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். செல்வமும் செய்தான், சென்றாயனும் செய்தான்.

அதற்கப்புறம்தான் அவள் பொட்டியைச் செய்தாள். அகலத்தில் தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு நீல போர்டு, ஆளோ மிருகமோ அசைந்தால் கண்டுபிடிக்கிற ஒரு கண், பழைய பைக்கிலிருந்து கழற்றிய ஹாரன், ஒரு வெள்ளை லைட்டு, பேட்டரி. எல்லாவற்றையும் ஒரு ஊறுகாய் டப்பாவுக்குள் வைத்துக் காட்டு ஓரத்தில் கட்டினாள். பன்னி வந்தால் லைட்டு பளீரென்று வெட்டும், ஹாரன் ஊளையிடும். ஊர் சிரித்தது. பன்னிப் பொட்டி என்று பெயர் வைத்தது. ஆனால் போன வருஷம் மாசி பங்குனி முழுக்க அவர்கள் காட்டில் ஒரு பன்னி இறங்கவில்லை. சிரித்தவர்களில் நாலு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். செய்து தருகிறேன் என்றாள். அப்புறம் நடவு வந்தது, களை வந்தது, மழை வந்தது. அவள் செய்யவில்லை. அந்தக் குற்றம் அவளுக்கு உள்ளே இருந்தது.

இந்த வாரம் இரண்டு முறை பன்னி இறங்கி ரெண்டு ஏக்கரில் கால்வாசியைக் குழி பறித்துப் போட்டிருந்தது. பொட்டியைத் தேடி எடுத்துப் பேட்டரி கொடுத்தால் சிகப்பு லைட்டு மட்டும் எரிந்தது, ஹாரன் மூச்சு விடவில்லை. சென்றாயன் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிப் போய் ஒரு சுருள் கம்பியோடு வந்தான். இவள் அழுதாள், சத்தம் போட்டாள், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அவன், "செரி, வெள்ளிக்கெழம பொழுதோட உம் பொட்டி கத்துச்சுன்னா கம்பி வேண்டாம். கத்தலீன்னா நீ குறுக்க வரப்புடாது" என்றான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"மெனுவுல புராசஸர்னு ஒண்ணு இருக்கும்," என்றாள் சங்கீதா. "அதுல பழைய மாடல்னு ஒண்ணு காட்டும், அதை வெச்சு ஏத்திப் பாரு. அப்புறம் ஜீரோ, ஒண்ணுன்னு ரெண்டு கால் இருக்குல்ல, அதுல ஏதாச்சும் ஒயர் சொருகியிருந்தா உருவிடு. அது ரெண்டு வழியாத்தான் லேப்டாப்பு பேசும். அங்க வேற எவனாவது உக்காந்திருந்தா பேச்சு எடுபடாது."

கலைச்செல்வி இறங்கினாள்.

வாசலில் அவள் மாமனார் சின்னக்கண்ணு தார்ப்பாயில் மிளகுக் கொத்துகளைப் பரப்பிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். பச்சை மணிகள் உதிர்ந்து பாதத்துக்கு அடியில் உருண்டன. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அவர் மிதிப்பதைப் பார்த்தால் ஏதோ நோவில் தள்ளாடுகிறவர் போலத்தான் இருக்கும். நோவெல்லாம் ஒன்றும் கிடையாது, இன்னும் பலா மரம் ஏறுகிற ஆள்.

"என்ன சாமி, கண்ணு முழிச்சுதா?" என்றார். போர்டைப் பற்றி அவர் காய்ச்சலில் கிடக்கிற குழந்தையைப் பற்றிப் பேசுவது போலவே காலையிலிருந்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க மாமா."

"கெழங்கு வேகவெச்சு வெச்சிருக்குது. ரெண்டு துண்டு வாயில போட்டுட்டு பாரு. வெறும் வவுத்தோட பாத்தா எதுவும் புடிபடாது."

வாசலின் மறுகோடியில் சென்றாயன் கவைக்குச்சி சீவிக்கொண்டிருந்தான். ஒரே அளவில் சீவி, முனையைக் கூர் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தான். நாற்பது இருக்கும்.

"பொழுதோட வரைக்கும்னு சொன்னீங்க," என்றாள் அவள்.

"ஆமா, சொன்னேன். சும்மா உக்காந்திருக்கறதுக்கு நாலு குச்சி வெட்டறேன். வேண்டாம்னா அடுப்புக்காச்சு." அவன் தலை நிமிரவில்லை. "நீ போயி உன்ற வேலையைப் பாரு புள்ள."

அவன் கெட்டவனில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் காலையிலேயே அந்தக் குச்சிகளை அள்ளி ஓடையில் போட்டிருப்பாள்.

பழைய மாடலை வைத்து ஏற்றிப் பார்த்தாள். ஜீரோவிலும் ஒன்றிலும் எதுவும் சொருகியிருக்கவில்லை. பத்து வரி ஆரஞ்சு எழுத்து வந்தது. போர்டிலிருந்த சின்ன பட்டனை ஏற்றுகிற நேரம் பார்த்து அழுத்தி விட்டுப் பார்த்தாள். நேரம் தப்பிவிட்டதோ என்று முன்னால் அழுத்தினாள், பின்னால் அழுத்தினாள். இருபது தடவை செய்தாள். இருபது தடவையும் பத்து வரி. அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கிழங்கை மிளகாய்ச் சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டே நாலாவது முறை பாறைக்கு ஏறினாள்.

"அப்படின்னா பாதிப் பாதியாப் பிரிச்சுப் பாக்கணும்," என்றாள் சங்கீதா. "ரீசெட் காலைக் கிரவுண்டோட சேத்து ஒரு ஒயரைப் போடு. பெரிய சிப்பு தூங்கிரும். ஜீரோவையும் ஒண்ணையும் இன்னொரு ஒயரால ஒண்ணாச் சேரு. சேத்துட்டு லேப்டாப்புல ஏதாச்சும் எழுத்து அடி. அடிச்சது அப்படியே திரும்பி வந்துச்சுன்னா லேப்டாப்பு, கேபிளு, இந்தப் பக்கத்துச் சின்ன சிப்பு எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தம். கோளாறு பெரிய சிப்பு பக்கந்தான். மறுபடி ஏறி வர்றதுக்கு முன்னாடி போர்டைக் கிட்ட வெச்சு நல்ல வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் படம் புடிச்சுட்டு வந்துரு. இன்னொரு நடை மிச்சமாவும்."

வீட்டுக்கு வந்து ஒயர் போட்டாள். என்ன எழுத்து அடிப்பது என்று தெரியவில்லை. தன் பெயரை அடித்தாள். அடித்த மாத்திரத்தில் கீழே அவள் பெயர் வந்து நின்றது. இன்னொரு முறை அடித்தாள், இன்னொரு முறை வந்தது. காலையிலிருந்து அவள் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். போர்டை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் வைத்துப் படம் பிடித்தாள்.

சென்றாயனைக் காணோம். குச்சிக் கட்டையும் காணோம்.

"பைக்கை எடுத்துக்கிட்டு பூங்குழலி ஊட்டுக்குப் போனான். மாப்பிள்ளையக் கூட்டியாரானாம்," என்றார் சின்னக்கண்ணு. பூங்குழலி அவருடைய மகள், ஓடைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் வீட்டுச் சீர் பற்றிப் பேசப் போயிருப்பான் என்று கலைச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் முறை பாறையில் நின்றபோது பனி கலைந்து, கீழே புளியஞ்சோலைப் பக்கம் வரைக்கும் மலை வரிசை வரிசையாகத் தெரிந்தது. படம் போய்ச் சேருவதற்குள் கால் மணி நேரம் ஆனது. சங்கீதா திரும்பக் கூப்பிட்டாள்.

"படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன்டி. பெரிய சிப்புக்குப் பக்கத்துல வெள்ளியா ஒரு சின்னத் துண்டு இருக்குல்ல? அதான் சிப்புக்குத் தாளம் போடறது. தாளம் இருந்தாத்தான் சிப்பு எந்திரிக்கும். அதைச் சுத்தி, கால் இடுக்குல எல்லாம் கருப்பா என்னமோ ஓடியிருக்கு. எண்ணெய்ப் பிசுக்காட்டம் மினுங்குது. என்னடி அது?"

கலைச்செல்வி போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். அந்தக் கருப்பை அவளுக்குத் தெரியும். தினமும் காலையும் மாலையும் தலைக்கு மேலே பார்க்கிற கருப்பு.

"கரிடி," என்றாள். "அடுப்புக் கரி."

"அடுப்புக் கரி எப்படி வந்துச்சு? எங்கடி வெச்சிருந்த இதை?"

அவள் வைக்கவில்லை. போன பங்குனியில் கிழங்கு பிடுங்கி முடிந்ததும் சின்னக்கண்ணுதான் பொட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நான் பத்திரம் பண்ணுகிறேன் என்றார். அந்த வீட்டில், அந்த மலையில், பத்திரம் என்றால் ஒரே இடந்தான். அடுப்புக்கு மேலே தொங்குகிற மூங்கில் கூடை. சாமை விதை, சோளக் கதிர், அவரை விதை, எல்லாம் அங்கேதான் புகையில் தொங்கும். பூச்சி தொடாது, ஈரம் தொடாது, எட்டு மாத மழையைத் தாண்டி அடுத்த விதைப்புக்கு முளைக்கும். பிளாஸ்டிக் டப்பா சூட்டில் வேர்க்கும் என்று டப்பாவை வெளியே வைத்துவிட்டு, போர்டை மட்டும் தனியாக எடுத்துச் சாமை விதைக் கூடைக்குள் வைத்திருந்தார். பத்து மாதப் புகை. இந்த வாரம் அவள் தேடியபோது ஒரு துணியால் துடைத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். மேலே துடைத்தது பளிச்சென்றிருந்தது.

சொன்னாள்.

"நம்ம கம்பெனியில போர்டு செத்ததுக்கு நூறு காரணம் எழுதியிருக்கேன். இப்படி ஒண்ணு எழுதினதில்ல," என்றாள் சங்கீதா. "கரி கரண்டைக் கடத்தும்டி. ஈரத்தோட சேந்து பிசினா ஒட்டியிருக்கு. சிப்பு சாகல, தாளந்தான் நின்னிருக்கு. கொஞ்சம் பெட்ரோலு, பழைய பல்லு விளக்கற பிரஷ்ஷு. கால் இடுக்கு எல்லாம் தேச்சு விடு. வெயில்ல நல்லாக் காயவெச்சு அப்புறம் சொருகு. அவசரப்படாத."

பைக்கைச் சென்றாயன் எடுத்துப் போயிருந்தான். பக்கத்தில் பைக் இருக்கிற வீடு செல்வத்தினுடையது. கலைச்செல்வி அங்கே போனாள்.

செல்வம் வாசலில் உட்கார்ந்து தனக்குத் தானே துணி தைத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயசு. ராக்கம்மாள் போனபிறகு ஆள் ஒடுங்கிவிட்டான். சட்டைப் பித்தான்கள்கூட இடம் மாறிப் போட்டிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து, டியூபை வாயால் உறிஞ்சி, ஒரு பாட்டில் மூடி நிறையப் பெட்ரோல் பிடித்தான். போதாது என்று இன்னும் கொஞ்சம் பிடித்தான்.

"போதுங்கண்ணா."

"இருக்கட்டும் கண்ணு. ஓடுமா பொட்டி?"

"ஓடணும்ணா."

"ஓடட்டும், ஓடட்டும்," என்றான். வாயில் போன பெட்ரோலைத் துப்பிவிட்டு, "நல்ல பொட்டி அது" என்றான்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாயிருந்தது. இந்த ஊரில் பொட்டி ஓட வேண்டும் என்று நினைக்கிற ஒரு மனுஷன் இருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்து வந்தது. மூடியைக் கையால் பொத்தி, சிந்தாமல் கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தாள்.

பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கக் கருப்பு வழிந்தது. ஒவ்வொரு காலாக, ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தாள். பெல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாலு வருஷப் பழக்கம் விரல்களுக்கு மறக்கவில்லை. மூன்று முறை தேய்த்தபின் வெள்ளித் துண்டு வெள்ளியாகவே தெரிந்தது. காய்கிற மிளகுக்கு ஓரமாகத் தார்ப்பாயில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சின்னக்கண்ணு கோழியை விரட்டிக்கொண்டு காவலிருந்தார். அரைமணி நேரத்தில் நாலு தடவை, "போதுமா சாமி?" என்று கேட்டார்.

சொருகினாள். அம்புக்குறியை அழுத்தினாள். போர்டில் இரண்டு சின்ன லைட்டுகள் படபடவென்று துடித்தன. ஆரஞ்சு எழுத்து வரவில்லை. 'ஏற்றியாகிவிட்டது' என்று ஒரே ஒரு வரி வந்தது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை என்று சொன்னால் சென்றாயன் கோபித்துக்கொள்வான், ஆனால் அது நிஜம். கண்ணை மாட்டி, ஹாரனை மாட்டி, பேட்டரி கொடுத்து, முன்னால் கையை ஆட்டினாள். பொட்டி ஊளையிட்டது. கோழிகள் கூரைமேல் பறந்தன.

சின்னக்கண்ணு கைதட்டினார். "பாத்தியா! பொகையில வெச்சது வீணாப் போகல. வெளிய வெச்சிருந்தா இந்த மழைக்கு மக்கிப் போயிருக்கும்."

அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமாங்க மாமா" என்றாள்.

பொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினாள். மணி நாலரை. பொழுது இன்னும் பாறைக்கு மேலேதான் இருந்தது.

காட்டைச் சுற்றிக் குச்சிகள் நின்றன. கம்பி நாலு பக்கமும் இழுத்து, முறுக்கி, முடிந்திருந்தது. சென்றாயனும் பூங்குழலி புருஷனும் வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் பூங்குழலி புருஷன் எழுந்து, ஓடைப் பக்கம் ஏதோ பார்க்கிறவன் போலப் போய்விட்டான்.

"ஏனுங்க, ஏத்திட்டேன்," என்றாள் கலைச்செல்வி. மூச்சு வாங்கியது. "கத்துது. பாருங்க." கையை ஆட்டினாள். பொட்டி ஊளையிட்டது.

சென்றாயன் அதைக் கேட்டான். அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, கோபமும் வரவில்லை. மாட்டிக்கொண்டவன் முகம்தான் வந்தது.

"நெசமாலுமே ஏத்திட்டியா?"

"ஆமாங்க. கம்பியைக் கழட்டுங்க."

அவன் பீடியை அணைத்தான். "ஞாயித்துக்கெழம காதுகுத்துக்கு நாந்தான் கறி போடறேன்னு சொல்லியிருக்கேன் புள்ள. ரெண்டு பன்னியாச்சும் விழுந்தாத்தான் பந்திக்கு ஆகும். மாமன் ஊட்டுச் சீரு. அவிய சம்மந்தி சனம் அறுவது பேரு வாராங்க. இப்ப போயி இல்லீன்னா மூஞ்சியில முழிக்க முடியுமா?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்பச் சொன்னீங்க?"

"போன வாரம்."

"அப்ப எங்கிட்ட பொழுதோட வரைக்கும்னு சொன்னது?"

அவன் கால் நகத்தால் மண்ணைக் கீறினான். "உனக்கு ஏறாதுன்னு நெனச்சேன்," என்றான்.

காலையிலிருந்து பாறைக்கும் வீட்டுக்கும் அவள் ஏறி இறங்கியதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். குச்சி சீவிக்கொண்டே பார்த்தான். ஏறாமல் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கற்பூரம் அணைச்சீங்களே. அந்தக் கைதானே இது?"

"பத்துப் பேரு அணைச்சோம். அதுல ஆறு பேரு கம்பி போட்டாச்சு. நான் ஏழாவது. போயி அம்மன் அந்த ஆறு பேர்த்த மொதல்ல கேக்கட்டும்."

"ராக்கம்மாக்கா..."

"அது அன்னைக்கு நேரம் தப்பிருச்சு. நான் தூங்காம உக்காந்திருப்பேன்." அவன் எழுந்துவந்து, முரட்டுத்தனம் ஏதுமில்லாமல், குழந்தை கையிலிருந்து அரிவாளை வாங்குகிறவன் போல அவள் கையிலிருந்த பொட்டியின் பேட்டரி ஒயரைக் கழற்றினான். "திங்கக்கெழம நானே கொண்டாந்து கட்டறேன். இது கத்துனா பன்னி எப்படி புள்ள வரும்?"

கம்பிக்கு அந்தப் பக்கம் கிழங்குச் செடிகள் அசையாமல் நின்றன. இழுத்து அறுத்துவிடலாமா என்று பார்த்தாள். அறுத்தால் முறுக்கிக் கட்டிக்கொள்வான். பாறைக்கு ஏறி பாரஸ்ட் ஆபீஸுக்குப் போன் போட்டால் இன்றைக்கே ஜீப் வரும், அவனை ஏற்றிக்கொண்டு இறங்கும், அப்புறம் அவளும் மாமனாரும் இந்த ஊரில் தண்ணீர்கூட எடுக்க முடியாது. இரண்டையும் அவள் செய்யவில்லை. கையாலாகாத கோபத்தோடு ஊருக்குள் நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிடலாம், எங்கள் காட்டுப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று. அதையாவது செய்யலாம்.

முதல் வீட்டில் மணிமேகலை சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "செரி கண்ணு. எங்கூட்டுலயும் தெக்கால போட்டிருக்காங்க, நீயும் அந்தப் பக்கம் வந்துறாத" என்றாள்.

இரண்டாவது வீட்டில், "கோயில் மேட்டோரம் எங்களுது, பாத்துக்க" என்றார்கள். மூன்றாவது வீட்டில், ஓடைத் தடம் இருட்டினபிறகு ஆகாது என்றார்கள். யாரும் திடுக்கிடவில்லை, யாரும் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அடுத்த தெருவில் தண்ணீர் எந்த நேரம் வரும் என்று சொல்வது போலச் சொன்னார்கள். எச்சரிக்கப் போனவளுக்கு எச்சரிக்கை சேர்ந்துகொண்டே வந்தது. நாலாவது வீட்டுக்குள் அவள் போகவில்லை.

செல்வம் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் சென்றாயன் கேட்பான். வேறு யார் சொல்லிக் கேட்காவிட்டாலும் அவன் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

செல்வம் அடுப்புக்கு முன்னால் குந்தி, ஒற்றை ஆளுக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தான். வெளியே பொழுது மங்கிக்கொண்டிருந்தது.

"ஓடுச்சா கண்ணு?"

"ஓடுச்சுங்கண்ணா. ஆனா அவரு கம்பி இழுத்துட்டாரு. காதுகுத்துக்குக் கறி வேணுமாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததா?"

செல்வம் அகப்பையில் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தான். இன்னும் வேக வேண்டும் போலிருக்கிறது, விறகைத் தள்ளிவிட்டான்.

"எந்தப் பக்கம் இழுத்திருக்கான்?"

"நாலு பக்கமும்."

"நாலு பக்கமும் இழுத்தா என்னத்துக்கு ஆகும்?" என்றான் செல்வம். "பன்னி மோப்பம் புடிச்சு ஒதுங்கிரும். ஒரு பக்கம் வழி உடணும். மேக்கால தொறந்து உடச் சொல்லு கண்ணு. உள்ள வந்து தின்னுட்டு, மெரண்டு வேற பக்கம் ஓடறப்பத்தான் மாட்டும்."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். அடுப்பு வெளிச்சத்தில் அவன் முகம் சாதாரணமாக இருந்தது. மத்தியானம் பெட்ரோல் உறிஞ்சிக் கொடுத்த அதே முகந்தான்.

"ராக்கு இருந்தா மிளகு தூக்கலாப் போட்டு வறுப்பா," என்றான். "எனக்கென்ன, தனியாளு. தொடையில ஒரு துண்டு எடுத்து வெக்கச் சொல்லு."

"சொல்றேங்கண்ணா," என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

திரும்பி நடக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் சொன்னதே தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. மேற்குப் பக்கம். ஊர்க்காரர்கள் விறகுக்கும் ரேஷனுக்கும் நடக்கிற தடம் காட்டின் மேற்குப் பக்கத்தை ஒட்டித்தான் போகிறது. அந்தப் பக்கம் மட்டும் கம்பி இல்லாமல் போனால் ஆள் யாரும் மாட்ட மாட்டார்கள். நேற்றுவரை அவள் அழுது கேட்டது, பட்டினி கிடந்து கேட்டது, பொட்டியைக் கத்தவிட்டுக் கேட்டது அதைத்தான். சத்தியத்தைச் சொன்னாலும் செத்தவளைச் சொன்னாலும் அசையாத புருஷன் இதற்கு அசைவான்.

சென்றாயன் கரண்ட் லைனுக்குக் கீழே, கம்பியை அதில் மாட்டுகிற மூங்கிலோடு நின்றிருந்தான். இவளைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வருகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மேக்கால வழி உடணுமாம்," என்றாள் கலைச்செல்வி. "நாலு பக்கமும் இழுத்தா பன்னி வராதாம். செல்வண்ணன் சொன்னாரு."

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு காட்டைப் பார்த்தான். "அட, ஆமா," என்றான். "எனக்குத் தோணாமப் போச்சு பாரு." மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு மேற்குப் பக்கம் போய்க் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான். அவளும் போய்க் கம்பியைச் சுருட்டிக்கொடுத்தாள். கம்பி பனியில் சில்லென்றிருந்தது.

"வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டான். அவன் குரலில் இப்போது பிரியம் வந்திருந்தது.

"அவருக்குத் தொடையில ஒரு துண்டு வேணுமாம்," என்றாள்.